செம்பில் தீ தரும் நிறம்: உப்புக்காற்றில் அதைக் காப்பாற்றுவது எப்படி

என் சித்தப்பா ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். செம்புக் குழாயை அவர் பத்தவைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒட்டு விழும் இடம் கறுத்துவிடும். அதற்கு இரண்டு விரல் தள்ளி குழாயைச் சுற்றி நிறங்கள் வளையம் வளையமாக நிற்கும்: நீலம், கத்தரிப்பூ, அரக்கு, கடைசியாக ஆரஞ்சு, அதற்கப்புறம் வெறும் செம்பு. அவருக்கு அது அழுக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவார். எனக்கு அதைத் தேய்க்க மனம் வராது. வெட்டிப் போட்ட குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி வந்து நானாகச் சுட்டுப் பார்த்ததில் தொடங்கியது இது.

இந்தப் பதிவில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிளிமீன் செய்யப் போகிறோம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் அந்த மீனின் பச்சையும் நீலமும் ரோஜாவும் தீ தரும் நிறங்களோடு நன்றாகப் பொருந்தும். பெயின்ட், ரசாயனம் எதுவும் வேண்டாம். தீயும் செம்பும் மட்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறம் வரவைக்க இரண்டு நிமிடம் போதும். நம் கடற்கரையில் அந்த நிறத்தை நிற்க வைப்பதுதான் வேலை. அதனால் கழுவுவதையும் பூச்சையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது

சூடான செம்பின் மேல் காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்து மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அது இருக்கும். படலத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப, அந்த இரண்டு வெளிச்சமும் கலந்து சில நிறங்கள் கூடுகின்றன, சில அடங்குகின்றன. துறைமுகத் தண்ணீரில் படகு டீசல் சிந்தினால் வானவில் மாதிரி விரியுமே, அதே கதைதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் ஆரஞ்சு கலந்த பழுப்பு, பிறகு அரக்கு, கத்தரிப்பூ, நீலம், வெள்ளி பூத்த வெளிர் நீலம், பொன் நிறம், அதற்கப்புறம் ரோஜாவும் பச்சையும் கலந்த ஒரு மயில்கழுத்து. அதையும் தாண்டினால் கறுப்பு.

ஆகவே இது சாயம் இல்லை, படலத்தின் தடிமன். விரல்ரேகை, எண்ணெய், கீறல் எது பட்டாலும் நிறம் ஏன் மாறுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

வேண்டிய பொருட்கள்

0.5 மி.மீ. செப்புத் தகடு. மதுரையில் எடை போட்டு விற்கும் பாத்திரக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். யந்திரம் எழுதுவதற்காகப் பூசைப் பொருள் கடைகளில் விற்கும் வெறும் தகடும் பழகுவதற்கு ஆகும். அது மெல்லிசு என்பதால் சீக்கிரம் சூடேறும். வாங்கும்போது ஓரத்தை அரத்தால் லேசாக உரசுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது காந்தம் ஒட்டினால், அது செம்பு முலாம்தான். வேண்டாம்.

ப்யூட்டேன் கேன் மாட்டும் சின்ன கேஸ் டார்ச், நீளமான இடுக்கி, தகடு வெட்டும் கத்தரி, அரம், 400, 800 எண் உப்புத்தாள், இரண்டு செங்கல், புளி, கல் உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, பருத்தித் துணி, கண்ணைக் காக்கும் கண்ணாடி. தண்ணீர் கேன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இடமும் நேரமும்

ஓலைக் கொட்டகைக்குள் செய்யாதீர்கள். நைலான் வலை குவித்திருக்கும் இடம், படகு டீசல் கேன் இருக்கும் இடம் பக்கத்திலும் கூடாது. பாலியஸ்டர் சட்டையும் லுங்கியும் வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சிமென்ட் தரைமேல் நேராகச் சூடு காட்டினால் தெறிக்கும், அதனால் செங்கல் மேல் வையுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கேனை வெயிலில் வைக்கவே கூடாது.

காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கடற்காற்று எழும், தீ ஒரு பக்கம் சாயும், தகட்டின் பாதி குளிர்ந்துபோகும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காலையிலும்கூட ஒரு சுவர் மறைவு தேவைப்படும். நேர் வெயிலில் இன்னொரு சிக்கல், ப்யூட்டேன் தீ கண்ணுக்கே தெரியாது. நிறம் மாறுவதும் தெரியாது. நிழலான வெளிச்சம்தான் இதற்கு ஏற்றது.

வெட்டுதல், தேய்த்தல், கழுவுதல்

அட்டையில் மீன் வரைந்து வெட்டி, தகட்டின்மேல் வைத்து ஆணியால் கோடு கீறி, கத்தரியால் வெட்டுங்கள். ஓரத்துப் பிசிரை அரத்தால் எடுங்கள், இல்லையென்றால் விரலைக் கிழிக்கும். தொங்கவிட ஒரு துளையையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

400 தாளால் தலையிலிருந்து வால்வரை ஒரே திசையில் தேய்த்து, பிறகு 800 தாள். வட்டமாகத் தேய்த்தால் அந்தக் கீறல்கள் நிறத்தின் அடியில் அப்படியே தெரியும்.

அடுத்து புளி. எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்து, கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டுத் தேய்த்தால் செம்பு ரோஜா நிறத்துக்கு வரும். வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பவர்களுக்கு இது சொல்லித் தரவேண்டியதில்லை. பிறகு சோப்பு.

அலசுவதில்தான் நம் ஊரில் எல்லாரும் தவறுகிறோம். கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கடலோரத்தில் பெரும்பாலும் உப்பு. அதில் அலசிக் காயவைத்தால் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வட்டமாகக் காயும். தேய்க்கப் போட்ட கல் உப்பும் போக வேண்டும். கடைசி மூன்று அலசலுக்குக் கேன் தண்ணீரைத்தான் ஊற்றுங்கள், ஒரு செம்பு தண்ணீர் போதும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் விரிந்து ஒரே தாளாக ஓடினால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி சோப்பு போடுங்கள். அதன்பின் ஓரத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். ஒரு தடவை மீனின் வயிற்றில் கட்டைவிரல் பட்டுவிட்டது. சுட்டபோது ரேகை ரேகையாகப் பழுப்பில் எழுந்து நின்றது.

முதலில் ஒரு பட்டை

நேராக மீனைச் சுடாதீர்கள். இரண்டு செ.மீ. அகலம், பதினைந்து செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, இதேபோல் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு முனையை இடுக்கியால் பிடித்து, மறுமுனையின் அடியில் தீயைக் காட்டுங்கள். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு பளபளப்பு கொஞ்சம் மங்கும். சட்டென்று முனையில் ஆரஞ்சு எழுந்து உங்கள் கையை நோக்கி நகரத் தொடங்கும், அதன் பின்னாலேயே அரக்கு, அரக்கின் பின்னால் கத்தரிப்பூ. ஊர்வலம் போவது மாதிரி இருக்கும். நீலம் வந்ததும் தீயை எடுத்துவிட்டுப் பாருங்கள். தீ இல்லாமலே நிறங்கள் இன்னும் கொஞ்சம் தூரம் நடக்கும்.

இதைத்தான் சித்தப்பா எனக்குச் சொன்னார்: “கலர் வந்தப்புறம் தீயை எடுக்காதத்தா, வர்றதுக்கு முன்னாடியே எடு.” செம்பு இரும்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். நீங்கள் காட்டிய சூடு காட்டிய இடத்தில் நிற்காது. நீலம் வேண்டுமென்றால் கத்தரிப்பூவிலேயே தீ விலகியிருக்க வேண்டும்.

இப்படி நான்கைந்து பட்டை சுட்டு, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றும் அளவுகோல் அவைதான்.

மீனுக்குத் தீ காட்டுதல்

மீனை வால் பக்கம் இடுக்கியால் பிடித்துத் தூக்குங்கள். தீயைப் பெரிதாக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கூர்மையான நீலத் தீ உங்கள் சுண்டுவிரல் நீளம் இருந்தால் போதும், அதன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. செம்பு உருகுவது 1085 டிகிரியில், இந்தத் தீ அதைவிடச் சூடானது. நமக்கு வேண்டிய நிறங்களோ ஏறக்குறைய 200 முதல் 400 டிகிரிக்குள் வந்துவிடுகின்றன. தகடு மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கினால் நீங்கள் எங்கேயோ தாண்டிப் போய்விட்டீர்கள்.

எப்போதும் பின்பக்கமிருந்து காட்டுங்கள், முன்பக்கத்தைப் பாருங்கள். முன்னாலிருந்து காட்டினால் உள்தீ படும் இடத்தில் ஆக்சைடு நிற்காது, நடுவில் வெறும் செம்பும் சுற்றி ஒரு வளையமுமாக வரும். (பழகியபின் அதையே மீனின் கண்ணுக்குப் பயன்படுத்தலாம்.)

தலைக்குப் பின்னால் தொடங்கி, நிற்காமல் வட்டமிட்டபடி வயிறு வரை வாருங்கள். துடுப்பு, வாய் போன்ற கூர்முனைகளில் சூடு போக வழி இல்லை, அதனால் அவை முதலில் கறுக்கும். அங்கே தீயை நேராகக் காட்டவே வேண்டாம், உடம்பிலிருந்து வரும் சூடே போதும். வாலுக்கு நிறம் கொடுக்க இடுக்கியைத் தலைக்கு மாற்றிப் பிடியுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காமல் மூன்று நான்கு முறையாக, நடுவில் ஆறவிட்டுச் செய்யுங்கள். முன்னால் போகத்தான் முடியும். நீலத்தை மறுபடி அரக்காக்கத் தீயால் முடியாது.

கறுத்துப்போனால் கவலை வேண்டாம், ஆறவிட்டுப் புளிக்கரைசலில் ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். தகடு எத்தனை முறையும் தாங்கும், கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்.

சுட்ட மீனைத் தண்ணீரில் போட வேண்டாம். செங்கல் மேல் தானாக ஆறட்டும்.

காப்பாற்றுதல்

சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறும் பச்சைக் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள், செம்போடு கூடவே இருப்பது என்று. நம் ஊர்ச் செம்புக்குக் களிம்பு வெளியிலிருந்தும் வருகிறது, காற்றோடு. காற்றில் வரும் உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து வெளிர் பச்சைத் தூளாகும். இதில் மோசமான விஷயம், குளோரைடு ஒரு முறை உள்ளே போனால் தீர்ந்துபோகாது. ஈரம் கிடைக்கும்போதெல்லாம் மறுபடி மறுபடி அரிக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உப்பு என்ன செய்யும் என்று தெரியும்.

நான் செய்த முதல் மீன் அப்படித்தான் போனது. கிணற்றுத் தண்ணீரில் அலசி, சுட்டு, கடல் பார்த்த மாடியில் இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் லாக்கர் என்னும் நிறமில்லாப் பூச்சை அடித்தேன். ஒரு மாதத்தில் லாக்கரின் அடியிலேயே குண்டூசி முனை அளவில் பச்சைப் புள்ளிகள் வந்தன. மேலே பூச்சு நன்றாகத்தான் இருந்தது. உப்பை உள்ளே வைத்து மூடியது நான். பார்க்கப் பார்க்க வருத்தமாக இருந்தது, அவ்வளவு அழகான நீலம் அது.

அதனால் சுட்டு ஆறியதும், அன்றைக்கே பூச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்குள் மாட்டுவதற்குத் தேன்மெழுகு போதும். இளஞ்சூட்டில் இருக்கும் மீன்மேல் பருத்தித் துணியால் மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து வேறு துணியால் துடைத்தால் நிறம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி தடவ வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான்.

கைபடும் இடத்துக்கும் வாசலுக்கும் கிளியர் அக்ரிலிக் லாக்கர் ஸ்ப்ரே. தண்ணீர் கலந்த வார்னிஷ் வேண்டாம், அது செம்பின்மேல் கறை விடும். லாக்கர் பட்டதும் நிறம் கொஞ்சம் மாறும் என்பதை மனதில் வையுங்கள். படலத்தின் மேல் காற்று இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் இருக்கிறதே. நீலமும் கத்தரிப்பூவும்தான் அதிகம் மங்கும், அரக்கும் ஆரஞ்சும் பெரிதாக மாறாது. எப்படி வரும் என்று முன்கூட்டிப் பார்க்க, மாதிரிப் பட்டையில் ஒரு சொட்டுக் கேன் தண்ணீர் வையுங்கள். ஈரத்தின் அடியில் தெரியும் நிறம்தான் ஏறக்குறைய லாக்கருக்குப் பிறகு வரும் நிறம்.

டார்ச்சை அணைத்து வெளியே வைத்துவிட்டுத்தான் ஸ்ப்ரேயைத் தொட வேண்டும். மீன் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து அதற்குள் மீனைத் தொங்கவிட்டு, ஒரு முழ தூரத்திலிருந்து பனி மாதிரி லேசாக ஒரு தடவை. பத்து நிமிடம் விட்டு இன்னொன்று. இப்படி நான்கு மெல்லிய பூச்சு, பின்பக்கமும் துளையின் உள்விளிம்பும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். வெளியில் நிற்கும் வெண்கலச் சிலைகளுக்குப் பூசும் இன்க்ராலாக் கிடைத்தால் இன்னும் நல்லது. செம்பு அரிக்காமல் தடுக்கும் பென்சோட்ரையசோல் அதில் சேர்ந்திருக்கிறது. கார் பட்டறையில் அடிக்கும் இரண்டு கலவை கிளியர் கோட் உறுதிதான், ஆனால் அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில் செய்ய வேண்டாம், பட்டறையிலேயே கொடுத்து அடித்து வாங்குங்கள்.

தண்ணீர் குடிக்கும் செம்பு, சாப்பிடும் பாத்திரம் எதிலும் இந்தப் பூச்சுகளைப் போடாதீர்கள்.

மாட்டும்போது இரும்புக் கம்பி வேண்டாம், அது துருப்பிடித்து நிறத்தின்மேல் ஒழுகும். தூண்டில் நரம்பு நன்றாக இருக்கும். கடல் பார்த்த சுவரைவிட அதற்கு எதிர்ச்சுவர் நல்லது. மாதம் ஒரு முறை கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். தேய்க்காதீர்கள். வாடை முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், முக்கியமாகத் துளையைச் சுற்றி. எங்கள் வீட்டில் இப்போது மாட்டியிருக்கும் மீனில் அங்கேதான் போன தையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. தின்னர் தொட்ட துணியால் அந்த இடத்து லாக்கரை மட்டும் எடுத்து, கேன் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி இரண்டு பூச்சு அடித்தேன். துளையோரம் நிறம் போய் வெறும் செம்பு தெரிகிறது. மற்ற இடமெல்லாம் சுட்ட அன்றைக்கு இருந்த மயில்கழுத்துதான்.