புயலுக்குப் பின் வீட்டுக் கூரையைச் சீர்செய்யும் முறை

புயல் ஓய்ந்தபின் வீட்டைச் சுற்றி வருபவரின் கண்ணில் முதலில் படுவது ஓடு பறந்து வானம் தெரியும் இடமும், தகரம் பிய்ந்து தொங்கும் மூலையுமே. அந்த இடங்களை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பறந்துபோன ஓடுகளைக் காட்டிலும், காற்று ஒருமுறை தூக்கிவிட்டு அதே இடத்தில் விட்டுச்சென்ற ஓடுகளே பின்னால் அதிகத் தொல்லை தருகின்றன. அவை கீழிருந்து பார்க்கும்போது ஒழுங்காகவே தெரியும். அடுத்த பலத்த காற்றில் முதலில் கிளம்புவதும் அவைதான். ஆகவே விழுந்ததை மாற்றுவதோடு நின்றுவிடாமல், விழாமல் இருப்பது உண்மையிலேயே உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதையே கூரை வேலையின் முக்கியப் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

காற்று கூரையை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதைவிட, மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதே அதிகம். இந்த இழுப்பு கூரையின் நடுப்பகுதியில் குறைவாகவும், மூலைகள், இறவாரம் (சுவருக்கு வெளியே நீளும் கீழ்விளிம்பு), முகடு (இரு சாய்வுகளும் சேரும் உச்சி) ஆகிய இடங்களில் மிகக் கடுமையாகவும் இருக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். அப்படியானால் 3 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தகரத்தின் மீது 200 கிலோவுக்கும் மேற்பட்ட விசை இறங்குகிறது. கூரையின் விளிம்புகளில் இழுப்பு இதையும் மிஞ்சக்கூடும். போதாக்குறைக்கு ஒரு சன்னலோ கதவோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளும். காற்று வீசிய பக்கத்தில் சன்னல் உடைந்த அறையின் மேலே உள்ள கூரையை, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

காற்று சட்டென்று அடங்கியதும் வெளியே வந்துவிடக் கூடாது. புயலின் கண் கடந்துகொண்டிருந்தால் சிறிது நேரம் அமைதி நிலவும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முதல் சுற்றில் தளர்ந்த பொருள்கள் இரண்டாம் சுற்றில்தான் பறக்கும். புயல் முழுமையாகக் கடந்துவிட்டது என்று வானிலை அறிவிப்பு வந்த பிறகே வெளியே வர வேண்டும்.

வெளியே வந்ததும் கூரையைப் பார்க்கும் முன் மின்கம்பிகளைப் பாருங்கள். அறுந்த கம்பி கூரை மீதோ, வேலியின் மீதோ, தேங்கிய நீரிலோ கிடந்தால் விலகிச் சென்று மின்வாரியத்துக்குத் தகவல் கொடுப்பது ஒன்றே செய்யக்கூடியது. வீட்டுக்குள் கூரை ஒழுகியிருந்தால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதுவும் நிற்கும் இடம் காய்ந்திருந்தால் மட்டுமே. இங்கே பலரும் மறந்துவிடுவது, மெயினை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும் இரண்டு மின்வழிகள். ஒன்று, பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் இன்வெர்ட்டர். மற்றொன்று, கூரைமேல் உள்ள சூரிய மின்தகடுகள். வெயில் படும் நேரமெல்லாம் அவை மின்சாரம் தந்துகொண்டே இருக்கும் என்பதால், உடைந்த தகட்டையோ அறுந்த அதன் கம்பியையோ கையால் தொடவே கூடாது.

ஃபால்ஸ் சீலிங் உள்ள அறையில் நீர் தேங்கிக் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தால், அதைத் தானே வடியட்டும் என்று விடுவது ஆபத்து. ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 100 கிலோ. அறையில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கீழே வாளியை வைத்து, தொங்கும் பகுதிக்கு நேர்கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, நீண்ட கம்பின் முனையால் சிறு துளை இட்டால் நீர் கட்டுப்பாட்டோடு இறங்கிவிடும். நனைந்த மெத்தை, துணி, அட்டைப்பெட்டி ஆகியவற்றை அன்றே அப்புறப்படுத்தி அறைக்குக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். ஈரம் 24 முதல் 48 மணி நேரம் வரை நீடித்தாலே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும்.

எதையும் அகற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நான்கு பக்கமும் சற்றுத் தொலைவிலிருந்து ஒவ்வொரு படம், பிறகு சேதமான ஒவ்வொரு இடத்துக்கும் அருகிலிருந்து படம், உள்ளே நனைந்த சுவர், தளம், பொருள்கள் என்று வரிசையாக எடுத்தால் பின்னால் காப்பீட்டு மதிப்பீட்டாளருக்கு விளக்குவது எளிதாகும். உடைந்த ஓடு, வளைந்த தகரம், முறிந்த சட்டம் ஆகியவற்றில் சிலவற்றை மதிப்பீடு முடியும்வரை தூக்கி எறியாமல் ஓரமாக வைத்திருங்கள். தற்காலிகமாக மூடுவதற்கு வாங்கிய பொருள்களின் ரசீதுகளும் வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாக, சேதம் மேலும் பெருகாமல் தடுக்க வேண்டிய பொறுப்பை வீட்டுக்காரரிடமே விடுகின்றன. மதிப்பீட்டாளர் வரும்வரை திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவைத்தால், பிந்தைய மழையால் வந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு.

தார்ப்பாய் போடுவது

புயலுக்குப் பின் பெய்யும் மழைதான் பல வீடுகளில் புயலைவிடப் பெரிய இழப்பை உண்டாக்குகிறது. 10 சதுர மீட்டர் கூரை திறந்திருக்க, 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் வீட்டுக்குள் இறங்கும். ஆகவே நிரந்தரப் பழுதுக்கு ஆள் கிடைக்கும்வரை தார்ப்பாய் அவசியம். அதைச் சரியாகப் போட்டால்தான் பயன்.

சேதமான இடத்தை மட்டும் மூடுவது வீண், ஏனென்றால் தார்ப்பாயின் மேல்விளிம்புக்கு மேலிருந்து வழிந்து வரும் நீர் அதன் அடியில் நுழைந்துவிடும். மேல்விளிம்பு முகட்டைத் தாண்டி மறுபக்கச் சாய்வில் ஒரு மீட்டர் அளவுக்காவது இறங்க வேண்டும். பக்கவாட்டிலும் சேதத்தைத் தாண்டி அதே அளவு பரவ வேண்டும். கீழ்விளிம்பு இறவாரத்துக்கு வெளியே தொங்க வேண்டும். விளிம்பை அப்படியே ஆணி அடித்தால் காற்றில் கிழிந்துவிடும் என்பதால், அதை ஒரு மரச்சட்டத்தின் மீது இரண்டு மூன்று சுற்று சுற்றி, அந்தச் சட்டத்தைக் கீழே உள்ள மரத்தோடு ஆணியோ ஸ்க்ரூவோ கொண்டு பிணைக்க வேண்டும். ஆணி அடிக்க முடியாத ஓட்டுக் கூரையாக இருந்தால், இரு முனைகளிலும் மணல் மூட்டை கட்டிய கயிறுகளை முகட்டின் குறுக்கே இருபக்கமும் தொங்கவிடலாம். செங்கல்லையும் கருங்கல்லையும் மேலே வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த காற்றில் அவை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

கூரை ஏறுவதைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புயலில் தப்பித்தவர்கள், அதன் பின் கூரையைப் பழுதுபார்க்க ஏறித் தவறி விழுந்து கை கால் முறிவதும் உயிரிழப்பதும் புயலுக்குப் புயல் நடக்கிறது. ஈரமான கூரையில் ஏறக் கூடாது. தனியாக ஏறக் கூடாது. ஏணி சாயும் உயரத்தில் ஒவ்வொரு நான்கு அடிக்கும் ஓரடி வீதம் அதன் கால் சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். அதன் மேல்முனை கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். சிமெண்ட் அட்டைக் கூரையில் காலை வைக்கவே கூடாது: பார்ப்பதற்குத் திடமாக இருக்கும் அட்டை, ஆளின் எடை பட்டதும் எச்சரிக்கையின்றி உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். வேறு வழியே இல்லையென்றால் சட்டங்களின் குறுக்கே நீண்ட பலகைகளைப் போட்டு, அவற்றின் மேல் மட்டுமே இயங்க வேண்டும்.

கூரையின் மேல் மரம் விழுந்திருந்தால் அதை நீங்களாக அறுக்க வேண்டாம். வளைந்து அழுந்தியிருக்கும் கிளையை வெட்டிய நொடியில் அது வில்லைப்போல் தெறிக்கும். சில நேரங்களில் உடைந்த கூரையைத் தாங்கிக்கொண்டிருப்பதும் அந்த மரமாகவே இருக்கும்.

தளர்ந்ததைக் கண்டுபிடித்தல்

இனி, கவனத்தை அதிகம் கோரும் பகுதி. முதல் சோதனையை வீட்டுக்குள்ளிருந்தே, பகல் வெளிச்சத்தில் விளக்குகளை அணைத்துவிட்டுச் செய்யலாம். கூரையின் உள்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால், முன்பு இல்லாத ஒளிக்கீற்றுகள் விலகிய ஓடுகளைக் காட்டிக்கொடுக்கும். சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பொத்தல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீர் கூரைக்குள் நுழைந்த பிறகு கைமரத்தின் (கூரையின் சாய்வைத் தாங்கும் மரம்) வழியாகவோ ரீப்பரின் (ஓடுகள் அமரும் குறுக்குப் பட்டை) வழியாகவோ ஓடி, தடை வந்த இடத்தில்தான் சொட்டும். ஆகையால் ஈரத்தின் தடத்தைச் சாய்வின் மேல்நோக்கித் தொடர்ந்து செல்ல வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால், ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரை இறவாரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே நகர்த்தியபடி பாய்ச்ச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது தெரியாமல் போகும்.

ஓட்டுக் கூரையில் நகர்ந்த ஓட்டை அதன் நிறமே சொல்லிவிடும். வெயிலிலும் மழையிலும் கறுத்துப் பாசி படிந்த பழைய ஓடுகளின் நடுவே, விரல் அகலத்துக்குப் புதிது போன்ற செந்நிறப் பட்டை தெரிந்தால், இத்தனை ஆண்டுகளாக மேலோட்டின் அடியில் மறைந்திருந்த பகுதி இப்போது வெளியே வந்திருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டைச் சரியாக உட்கார வைப்பதற்கு முன், அதன் அடியில் ரீப்பரைப் பற்றும் கொக்கி உடைந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். உடைந்திருந்தால் அது எத்தனை முறை வைத்தாலும் நழுவும். புதிய ஓடுகளை இறவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி அடுக்க வேண்டும். வேறு அச்சில் வார்த்த ஓடு பழையதோடு பொருந்தாமல் இடைவெளி விடும் என்பதால், ஒரு துண்டை எடுத்துச் சென்று ஒப்பிட்டே வாங்க வேண்டும். இறவார வரிசையையும் பக்க விளிம்பு வரிசைகளையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுவது சிறு செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. முகட்டு ஓடுகளைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தால், கலவை விட்டுப்போனவை ஆடும்.

தகரக் கூரையில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் அருகில் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது. உறுதியாக நின்ற ஸ்க்ரூவின் அடியில் ரப்பர் வாஷர் சீராகப் படிந்திருக்கும். காற்றில் அடித்துக்கொண்ட தகரத்தில் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கும்; அதைச் சுற்றித் தகரம் மேடாகக் கிளம்பி, பூச்சு உரிந்து பளபளக்கும் கீறல் தெரியும். இத்தகைய துளையில் பழைய ஸ்க்ரூவை மறுபடி முறுக்குவது பயனற்றது. பருமன் கூடிய ஸ்க்ரூவும் அகலமான வாஷரும் இட வேண்டும். அடியில் உள்ள சட்டமே பிளந்திருந்தால் அந்த இடத்தில் சட்டத்தை மாற்ற வேண்டும். பசையைத் தடவித் துளையை மூடினால் ஒழுகுவது நிற்கும். ஆனால் தகரத்தைப் பிடித்திருக்க எதுவும் இருக்காது. நெளிதகரத்தில் நீர் ஓடும் பள்ளத்தில் அல்லாமல் மேட்டில் ஸ்க்ரூ போடுவதும், விளிம்புகளில் நடுப்பகுதியைவிட நெருக்கமாகப் போடுவதும் வழக்கமாக வேண்டும்.

பழைய சிமெண்ட் அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்க வாய்ப்பு அதிகம். அது நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. உடைந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, மேலும் உடைக்கவும் கூடாது. நீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டுகளாகவே எடுத்து, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டி, உள்ளாட்சி சொல்லும் முறையில் ஒப்படைக்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது. இயன்றவரை இதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது.

கான்கிரீட் தளத்தைப் புயல் அசைப்பது அரிது. அங்கே இலையும் குப்பையும் அடைத்த வடிகுழாய், விரிசல் விட்ட கைப்பிடிச் சுவர், நகர்ந்த நீர்த்தொட்டி ஆகியவற்றைப் பார்த்தால் போதும். நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அடிக்க அவசரப்பட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நான்கு ஓரமும் ஒட்டி ஓரிரவு விட்டு, காலையில் அடியில் ஈரம் கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை என்று கொள்ளலாம்.

கைமரம் உள்ள எந்தக் கூரையானாலும், கைமரங்கள் சுவரின் மேல் உள்ள மரச்சட்டத்தோடு சேரும் இடத்தைப் பார்க்காமல் சோதனையை முடிக்கக் கூடாது. கூரை முழுவதும் ஒருமுறை எழும்பி அமர்ந்திருந்தால் அங்கே ஆணி பாதி உருவியிருக்கும், போல்ட்டைச் சுற்றி மரம் பிளந்திருக்கும், சுவரின் மேல்வரிசையில் கிடைமட்டமாகப் புதிய விரிசல் ஓடியிருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஓடு மாற்றும் வேலையை நிறுத்திவிட்டு, கட்டடப் பொறியாளரையோ அனுபவமுள்ள தச்சரையோ அழைக்க வேண்டும். அந்த அறையில் அதுவரை யாரையும் படுக்கவிடாதீர்கள்.

ஆளை அமர்த்தும்போது, புயலுக்கு மறுநாளே கதவைத் தட்டி உடனே முன்பணம் கேட்பவரிடம் நிதானம் தேவை. எந்தப் பொருள், எத்தனை, எந்த அளவு ஸ்க்ரூ, விளிம்பு வரிசைகளைக் கட்டுவது கணக்கில் உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். இறுதித் தவணையைப் பழுதுபார்த்தபின் வரும் முதல் நல்ல மழைக்குப் பிறகு தருவதாகப் பேசிக்கொள்வது நியாயமான ஏற்பாடு. அந்த மழையின்போது டார்ச் விளக்கோடு உள்ளே சென்று, ஏற்கெனவே ஒழுகிய இடங்களையும் கைமர முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஈரம் தென்பட்டால் அதே இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, வேலை செய்தவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகே கணக்கை முடியுங்கள்.