கொலார்ட் கீரை: அமெரிக்கத் தெற்கத்திய முறையில், சாறோடு சமைப்பது எப்படி?

கொலார்ட் கீரையைக் கடையில் பார்த்து ஆசையாக வாங்கி வந்து, வழக்கம்போலக் கடுகு உளுந்து தாளித்துப் பத்து நிமிடத்தில் பொரியலாக இறக்கினால், தோல் மாதிரி வாயில் நிற்கும். பலர் அதோடு அந்தக் கீரைப் பக்கமே போவதில்லை. கீரையின் மேல் தப்பில்லை. இது அவசரத்துக்கு மசியாத ரகம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதை ஒரு மணி நேரமாவது வேகவைப்பார்கள். அதுவும் வெறும் தண்ணீரில் இல்லை, புகையூட்டிய இறைச்சியைக் கொதிக்க வைத்து இறக்கிய சாற்றில்.

அந்தச் சாறுதான் இந்தச் சமையலின் உயிர். அங்கே அதை பாட் லிக்கர் என்பார்கள். கீரையைத் தின்றுவிட்டுச் சாற்றைக் கொட்டுவது அந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்குப் பெரிய பாவம். 1931-இல் லூசியானா மாநில ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகையும், கார்ன்பிரெட் என்னும் மக்காச்சோள ரொட்டியை இந்தச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவதா, உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவதா என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். லாங் தோய்ப்பவர் கட்சி. பத்திரிகை உதிர்ப்பவர் கட்சி.

கொலார்ட் செடியின் பூர்வீகம் ஐரோப்பா. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் இதன் நேரடிச் சொந்தங்கள். ஆனால் இலையை நிதானமாக வேகவைத்து, அதன் சாற்றையும் விடாமல் சேர்த்துச் சாப்பிடும் கைப்பக்குவம், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களுடையது. தோட்ட முதலாளிகள் விட்ட சின்னத் துண்டு நிலத்தில் அவர்கள் வளர்த்த செடிகளில் இதுவும் ஒன்று. பன்றியின் நல்ல கறியெல்லாம் முதலாளி வீட்டுக்குப் போய்விடும். கணுக்கால், கழுத்து, கொழுப்பு, இவைதான் இவர்கள் பங்கு. உப்பும் புகையும் ஏறிய அந்தத் துண்டுகளையும் தோட்டத்துக் கீரையையும் ஒரே பானையில் போட்டு, ஒரு குடும்பம் பசியாற வழி கண்டவர்கள் அந்தப் பெண்கள். இன்று தெற்கில் கறுப்பர், வெள்ளையர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் இது இருக்கிறது. சவுத் கரோலைனா 2011-இல் கொலார்டைத் தன் மாநிலக் காய்கறியாகவே அறிவித்தது. இந்தச் சமையலைச் செய்யும்போது அது யாருடைய கை வழியாக வந்தது என்பது நினைவில் இருக்கட்டும்.

வேண்டியவை (ஆறு பேருக்கு)

கொலார்ட் கீரை இரண்டு பெரிய கட்டு, ஏறக்குறைய 900 கிராம். புகையூட்டிய பன்றிக் கணுக்கால் ஒன்று, 400 கிராம் போல. இதைக் கடையில் ஸ்மோக்ட் ஹாம் ஹாக் என்று கேட்க வேண்டும். பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், இடித்த காய்ந்த மிளகாய் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஆப்பிள் சைடர் வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு லிட்டர். உப்பு கடைசியில், தேவைப்பட்டால் மட்டும்.

பன்றி சாப்பிடாதவர்கள் தயங்க வேண்டாம். புகையூட்டிய வான்கோழி இறக்கையோ கழுத்தோ இரண்டு போட்டால் போதும். இது நாம் கண்டுபிடித்த மாற்றுவழி இல்லை. தெற்கிலேயே ஏராளமான கறுப்பின வீடுகளில் இப்போது வான்கோழிதான். சைவத்துக்கான வழியைச் சாறு வைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

கட்டு வாங்கும்போது இலை விறைப்பாக, கரும்பச்சையாக இருக்க வேண்டும். ஓரம் மஞ்சளித்தது வேண்டாம். உள்ளங்கையை விட ரொம்பப் பெரிய இலைகள் முற்றலாக இருக்கும். அவை வேக இன்னும் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். உறைபனி விழுந்த பிறகு பறித்த கொலார்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். குளிரைத் தாங்குவதற்காக அந்தச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அந்த இனிப்பு நாக்கிலேயே தெரியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: காஷ்மீரிகள் ஹாக் என்று சமைப்பது இதே குடும்பத்துக் கீரை, அவர்களும் சாறு விட்டுத்தான் வைக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் அது கிடைப்பது கஷ்டம். நூல்கோல் வாங்கும்போது கிள்ளி எறியும் இலை, காலிஃபிளவரைச் சுற்றியிருக்கும் இலை, இரண்டும் இந்த முறைக்கு நன்றாக ஒத்துவரும். நேரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

முதல் வேலை சாறு

அடிகனமான பெரிய பாத்திரம் எடுங்கள். குறைந்தது ஆறு லிட்டர் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பச்சைக் கீரை மலைபோலக் குவியும். கணுக்காலைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிப் பாத்திரத்தில் போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் மேலே சாம்பல் நிறத்தில் நுரை திரளும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழ் வந்தால் போதும். அரைகுறையாக மூடி போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்த நேரத்தைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கீரையையும் இறைச்சியையும் ஒன்றாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கீரை வெந்துவிடும், ஆனால் எலும்பிலும் தோலிலும் இருக்கும் பசைச் சத்து சாற்றில் இறங்கியிருக்காது, புகை வாசமும் ஏறியிருக்காது. அவசரமென்றால் குக்கரில் கணுக்காலை மட்டும் சிறு தீயில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, சாற்றோடு பெரிய பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கீரையைக் குக்கரில் வைக்காமல் இருப்பது நல்லது. நடுநடுவே எடுத்து ருசி பார்க்க முடியாது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு கரண்டிச் சாற்றைக் கிண்ணத்தில் விட்டு, ஆறவைத்து, குடித்துப் பாருங்கள். விரலில் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். தனியாகவே குடிக்கலாம் போல இருக்க வேண்டும். தண்ணீராகத் தெரிந்தால் இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். சரி என்று பட்டதும் நறுக்கிய வெங்காயம், தட்டிய பூண்டு, மிளகாய், மிளகுத்தூள் சேருங்கள். உப்பு இப்போது வேண்டவே வேண்டாம். கணுக்காலில் ஏற்கெனவே உப்பு நிறைய ஊறியிருக்கும்.

சைவத்தில்: இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தை நன்றாகப் பழுப்பாகும் வரை வதக்கி, பூண்டும் ஒன்றரைத் தேக்கரண்டி ஸ்மோக்ட் பாப்ரிகாவும் (புகையூட்டிய, காரம் குறைந்த மிளகாய்த்தூள்) சேர்த்து, காய்ந்த காளான் ஒரு கைப்பிடியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். பாப்ரிகா புகை வாசத்துக்கு, காளான் சாறு கனப்பதற்கு. எலும்புச் சாற்றின் ஒட்டும் தன்மை இதில் வராது. ருசிக்குக் குறைவிருக்காது.

சாறு கொதிக்கும் நேரத்தில் கீரை

கழுவுவதில் சோம்பல் கூடாது. கொலார்ட் இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. குழாயடியில் காட்டினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், மணல் அப்படியே நரம்போரம் ஒட்டியிருக்கும். அதனால் தொட்டியிலோ பெரிய அண்டாவிலோ தண்ணீர் நிரப்பி, இலைகளை முழுக அமுக்கி, கையால் நன்றாக அலசுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் விட்டால் மண் அடியில் படியும். இப்போது இலைகளைத்தான் மேலே எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் படிந்த மண் திரும்பவும் இலை மேலேயே விழும். தண்ணீரை மாற்றி இதையே மூன்று முறை. கடைசித் தண்ணீரின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று எதுவும் தட்டக் கூடாது. ஒரு வாய் மணல் பட்டால் போதும், அத்தனை நேர உழைப்பும் வீண்.

அப்புறம் நடுத்தண்டு. இலையை நடுவில் இரண்டாக மடித்து, ஒரு கையால் தண்டைப் பிடித்து, மறு கையால் இலையைக் கீழிருந்து மேலாக உருவினால் கழன்று வந்துவிடும். நுனிப்பக்கம் மெல்லிய தண்டு இருந்தால் இருக்கட்டும். உருவிய தண்டைப் பொடியாக நறுக்கி, கீரைக்கு இருபது நிமிடம் முன்பே சாற்றில் போட்டால் அதுவும் வெந்துவிடும். தெற்கில் சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஐந்தாறு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாய் போலச் சுருட்டி, ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்குங்கள். பொடியாக அரிந்தால் கடைசியில் குழைந்து காணாமல் போகும்.

வேகவைப்பது

கொதிக்கும் சாற்றில் ஒரு பிடி, இரண்டு பிடியாகக் கீரையைச் சேருங்கள். முதல் பிடி துவண்டு இறங்கியதும் அடுத்த பிடி. முதலில் இவ்வளவும் எப்படி அடங்கும் என்றிருக்கும்; பத்து நிமிடத்தில் கால் பங்காக வற்றி உட்கார்ந்துவிடும். இலை சாற்றில் மூழ்கியிருக்க வேண்டும். சாறு போதவில்லையென்றால் சுடுதண்ணீர் ஒரு டம்ளர் விடலாம். சிறு தீயில் மூடி வைத்து, கால் மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

முதலில் பளிச்சென்ற பச்சை வரும். அது போய் ஆலிவ் நிறம், பிறகு அடர் பச்சை கலந்த பழுப்பு. நிறம் மாறுகிறதே என்று பதறி இறக்கிவிடாதீர்கள். இந்தச் சமையலுக்கு அதுதான் நிறம். பச்சை நிறம் நிற்கட்டும் என்று சோடா உப்புப் போடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது இலையைக் கூழாக்கிவிடும், வைட்டமின்களையும் கெடுக்கும். வேண்டாம்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்து மென்று பாருங்கள். பல்லுக்கு எதிர்ப்பு இருந்தால் வேகவில்லை. நாக்கால் அண்ணத்தில் அழுத்தினாலே பிரிய வேண்டும், அதே நேரம் இலை இலையாகத் தெரிய வேண்டும். இளசான கீரை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், முற்றியது ஒன்றரை மணி கேட்கும். கடிகாரத்தை விட நாக்கை நம்புங்கள்.

வெந்ததும் கணுக்காலை வெளியே எடுத்து, சூடு ஆறியபின் தோலையும் எலும்பையும் நீக்கி, கறியை நார் நாராகப் பிய்த்துத் திரும்பப் பாத்திரத்தில் போடுங்கள். இப்போதுதான் வினிகரும் சர்க்கரையும். வினிகரை முன்கூட்டியே விட்டால் புளிப்பு இலையை மசிய விடாது, அதனால்தான் கடைசியில். ஐந்து நிமிடம் கொதித்ததும் ருசி பாருங்கள். உப்பு, காரம், புளிப்பு, லேசான கசப்பு, பின்னால் புகை, எல்லாம் வந்து போக வேண்டும். உப்பு குறைந்தால் இப்போது போடலாம். சர்க்கரை கூடாது என்று சண்டைக்கு வருபவர்களும் தெற்கில் உண்டு. கசப்பு உங்களுக்குப் பிடித்தால் நீங்களும் விட்டுவிடலாம். நான் ஒரு சிட்டிகையாவது போடுவேன்.

தட்டில்

குழிவான தட்டில் கீரையை வைத்து மேலே சாற்றை ஊற்றுங்கள். பக்கத்தில் கார்ன்பிரெட் கட்டாயம் வேண்டும். மக்காச்சோள மாவும் மோரும் முட்டையும் கலந்து, சூடான இரும்புச் சட்டியில் ஊற்றி ஓவனில் சுடும் ரொட்டி அது. தெற்கத்தியப் பழைய வழக்கப்படி அதில் இனிப்புச் சேர்ப்பதில்லை. மேசையில் இன்னொன்றும் இருக்கும்: சின்ன மிளகாய்களை வினிகரில் ஊறப்போட்ட குப்பி. அவரவர் தட்டில் அவரவர் தெளித்துக்கொள்வார்கள். நம் நாக்குக்கு இது ரொம்பவே பிடிக்கும்.

புத்தாண்டு நாளில் இதோடு காராமணியும் சேர்ந்துவிடும். கீரை நோட்டுக்கு, காராமணி சில்லறைக்கு, கார்ன்பிரெட் தங்கத்துக்கு. அன்று மூன்றையும் சாப்பிட்டால் வருடம் முழுக்கக் கையில் காசு புரளும் என்பது அங்கே நம்பிக்கை.

ஒரு எச்சரிக்கை. கொலார்டில் வைட்டமின் கே மிக அதிகம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள்.

மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். சாறோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். கீரை அதில் ஊறி மறுநாள் இன்னும் ருசியாகிவிடும். மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு அதிகமென்று பட்டால் கரண்டியால் வழித்துவிடலாம். அடியில் சாறு ஜெல்லியாக இறுகியிருக்கும், கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் சேர்க்காமல் சிறு தீயில் வைத்தால் இரண்டே நிமிடத்தில் உருகிப் பழையபடி சாறாகிவிடும்.