சித்தப்பாவை டாரட் சீட்டில் உட்கார வைப்பது எப்படி

நேபிள்ஸில் பிறந்த ஓவியர் பிரான்செஸ்கோ கிளெமென்தே குறி சொல்லப் பயன்படும் படச்சீட்டுக் கட்டான டாரட்டின் 78 சீட்டுகளையும் காகிதத்தில் வரைந்து, 2011இல் ஃபிளாரன்ஸ் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். பல சீட்டுகளில் இருப்பது அவருடைய நண்பர்களின் முகம். எழுபதுகளிலிருந்தே மெட்ராஸுக்கு வந்து தங்கியவர், அடையாறு தியாசபிகல் சொசைட்டி நூலகத்தில் படித்தவர் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பாசம். தெரிந்தவர் முகத்தை டாரட் சீட்டில் வரைவது, இதையே என் ட்ராயிங் வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்கிறேன்.

சீட்டை முதலில் எடுக்காதீர்கள். ஆளை எடுங்கள். "தூக்கில் தொங்குபவன்" என்ற 12ஆம் சீட்டைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தேன். வௌவால் மாதிரி வந்தது. அப்புறம் ஒருநாள் சித்தப்பா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். ஒரு கால் நீட்டி, மற்றதை அதன்மேல் குறுக்கே மடக்கி, கை இரண்டும் தலைக்குப் பின்னால். சீட்டில் இருப்பவனும் அப்படித்தான்: ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவான், மறு கால் குறுக்கே மடங்கியிருக்கும், முகத்தில் வேதனையே தெரியாது. ரிட்டயர் ஆன நாளிலிருந்து சித்தப்பா முகமும் அதுதான்.

300 ஜிஎஸ்எம் என்று போட்ட தடிமனான வாட்டர்கலர் பேப்பரைப் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஆளை நேராகவே வரையுங்கள். முகத்துக்கு மட்டும் நேரம் கொடுங்கள், அதிலும் கண்ணுக்கு. கிளெமென்தேயின் முகங்களில் முதலில் நம்மைப் பிடிப்பது கண்தான். சட்டை, நாற்காலியெல்லாம் நீர்த்த வண்ணத்தில் இரண்டு பூச்சு போதும். பின்னணியில் நட்சத்திரம், சக்கரம், முக்கோணம் என்று மாந்திரீகக் கடை விரிக்காதீர்கள். அந்த ஆளிடம் இருக்கும் பொருள் ஒன்று போதும். எங்கள் படத்தில் மூக்குப்பொடி டப்பா.

காலுக்குக் கீழே லேசாக ஒரு மரக்கிளையும் கணுக்காலில் ஒரு கயிறும் போட்டால் வேலை முடிந்தது. இனி பேப்பரைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகு. நான் அவசரப்பட்டேன், மீசைக் கறுப்பு மூக்கு வழியாக நெற்றிக்கு ஓடிவிட்டது. துடைத்தால் இன்னும் பரவும், அப்படியே விடுங்கள். பார்த்தவர்கள் விபூதிப் பட்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஹாலில் மாட்டியிருந்தார்கள், சித்தப்பாவை நேராக நிமிர்த்தி. "ஆணி நீ தப்பான பக்கம் அடிச்சிருந்தேப்பா" என்றார் சித்தி.