கரண்ட் போகிற ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவது எப்படி?

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், வீட்டு மூலையில் இருக்கிற இன்வெர்ட்டரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ரங்கூனில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, அதனால் ப்ராசஸர், ரேம் எல்லாம் அப்புறம். பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதுதான் முதல் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி என்றால் காகிதத்தில் 1200 வாட்-அவர். பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், கடைசியில் கைக்கு வருவது 500 சொச்சம். ஒரு ஃபேன், ஒரு லைட், மானிட்டரோடு கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 150 வாட்டுக்குள் அடங்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். 170 வாட் இழுக்கிற ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி கேம் போட்டால் பாதி நேரம்கூட வராது.

அதனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ஏஎம்டி ரைசன் 5 5600ஜி வாங்குங்கள். 2021-ல் வந்தது, பழசுதான், ஆனால் ஆறு கோர், 65 வாட், வீட்டு வேலைக்குத் தாராளம். டோட்டா 2, ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். புதுசாக வருகிற பெரிய கேம்களுக்கு ஆசைப்படாதீர்கள்.

அந்த 'ஜி' எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். என் மச்சான் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வெறும் 5600-ஐ வாங்கி வந்துவிட்டான். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டி, கேபிளை மாற்றி, இரண்டு ராத்திரி போனது. அதில் கிராஃபிக்ஸே கிடையாது, படம் எங்கிருந்து வரும்? இன்டெல் வாங்குகிறவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு: எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை.

மற்ற சாமான்கள்: பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு (பி450 கொடுத்தால் பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கிற ஆரம்ப சாஃப்ட்வேரை, அப்டேட் பண்ணித்தரச் சொல்லுங்கள், பழைய ஸ்டாக் இந்த ப்ராசஸரை அடையாளம் கண்டுகொள்ளாது), 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, காற்றோட்டமுள்ள ஒரு கேபினட். டிடிஆர்4 ரேம் 16 ஜிபி. ஒரே குச்சியாக வேண்டாம், 8+8 ஆக வாங்குங்கள். உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, இந்த ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, ஒரே குச்சி என்றால் பாதை பாதியாகிவிடும், கேமில் அது அப்பட்டமாகத் தெரியும். விலை டாலரோடு ஏறி இறங்குவதால் கேட்ட அன்றே வாங்கிவிடுவது நல்லது.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கேபினட்டோடு சும்மா வருகிறதே, அதைக் கழற்றி ஓரம் வையுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை வீணாக்காததற்கான தர முத்திரை) போட்ட 450 வாட் போதும். வோல்டேஜ் துள்ளும்போது முதல் அடி வாங்குவது இதுதான். இன்வெர்ட்டர் கரண்ட் அலையைச் சீராகக் கொடுக்கிற சைன் வேவ்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கொயர் வேவில் இந்த மாதிரி சப்ளைகள் சில சமயம் உறுமும், திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும்.

சரி, மாட்டலாம். கட்டி முடிக்கும் வரைக்கும் கரண்டே தேவையில்லை என்பது இதில் ஒரு வசதி, பகல் வெளிச்சம் போதும். தரையில் உட்காராமல் மேஜையில் வையுங்கள், முதலில் கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஸ்டேடிக் பயம் குறைவு, நெற்றி வேர்வை போர்டில் சொட்டுவதுதான் பெரிய பயம், துண்டு பக்கத்தில் இருக்கட்டும்.

சாக்கெட் ஓரத்து நெம்புகோலைத் தூக்கி, ப்ராசஸரின் மூலையில் இருக்கிற தங்க முக்கோணத்தைப் போர்டில் இருக்கிற முக்கோணத்தோடு பொருத்தி மெல்ல வையுங்கள். தானாக விழ வேண்டும். அழுத்தினால் அடியில் இருக்கிற பின் வளையும், வளைந்தால் போச்சு. நெம்புகோலை இறக்குங்கள். கூடவே வருகிற கூலரில் பேஸ்ட் தடவியே இருக்கும், மேலே ஒன்றும் பூச வேண்டாம். போர்டில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

நான்கு ஸ்லாட் இருந்தால் ரேம் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவதில். டக் என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள், இங்கே மட்டும் தைரியமாக. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து ஸ்க்ரூ. போர்டோடு வருகிற, துளைகள் போட்ட தகட்டைக் கேபினட்டின் பின்பக்கம் மாட்டிய பிறகுதான் போர்டை உள்ளே இறக்க வேண்டும், நான் இதை மறந்து முழுசாகக் கழற்றியிருக்கிறேன். பவர் சப்ளையிலிருந்து 24 பின் கேபிள், மேல் மூலையில் 8 பின் கேபிள், அப்புறம் பவர் பட்டனுக்கான பொடி ஒயர்கள். எது எங்கே என்று மேனுவலில் படமே இருக்கும். கார்டு இல்லாத ஸ்லாட்டுகளின் தகட்டைக் கழற்றாதீர்கள், பல்லிக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

கரண்ட் வந்ததும் ஆன் பண்ணி டெலீட் பட்டனைத் தட்டுங்கள், பயாஸ் திறக்கும். ரேமை முழு வேகத்தில் ஓடவிடுகிற எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்தால்தான் ரேம் 3200-ல் ஓடும், சும்மா விட்டால் 2133, 2400 என்று மெதுவாகக் கிடக்கும். சேமித்துவிட்டு மறுபடி பயாஸுக்குள் வந்து, வீட்டில் யாரையாவது மெயின் ஸ்விட்சை இறக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரீன் அசையாமல் நின்றால் நல்லது. ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் (கரண்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறுவது) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும். எஸ்எஸ்டியில் எதுவும் ஏற்றாத இந்த நேரம்தான் இந்தச் சோதனைக்குச் சரி.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 போடுங்கள், அல்லது காசில்லாமல் லினக்ஸ் மின்ட். விண்டோஸிலேயே தமிழ், பர்மிய கீபோர்டு இரண்டும் இருக்கின்றன. யூனிகோடு அல்லாத ஸாவ்ஜி ஃபான்ட்டில் அடித்த பழைய பர்மிய ஃபைல்கள் மட்டும் எழுத்து குழம்பித்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றித்தருகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.