ஸ்போர்ட் டூரிங் பைக்குக்கு மாறுவோர் முதலில் செய்ய வேண்டியவையும், தொடாமல் விட வேண்டியவையும்

பல ஆண்டுகள் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்டிவிட்டு, வேகத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏற்ற ஸ்போர்ட் டூரிங் பைக்கான கவாசாகி நின்ஜா 1000 எஸ்எக்ஸுக்கு மாறியவன் நான். அதே மாற்றத்துக்குத் தயாராகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, வண்டியை ஷோரூமிலிருந்து எடுக்கும் நாளிலேயே கூடுதல் பாகங்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள் என்பதுதான். விழுந்தால் தாங்கும் ஃப்ரேம் ஸ்லைடர் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதல் 3,000 கிலோமீட்டர் வரை தள்ளிப்போடுங்கள். அதுவரை எத்தனையாவது கிலோமீட்டரில் மணிக்கட்டு வலித்தது, எந்த வேகத்தில் ஹெல்மெட் அதிர்ந்தது, எந்த வேகத்தடையில் அடிப்பாகம் உரசியது என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

கிளாசிக் 350 சுமார் 20 குதிரைத்திறன் கொண்டது. எடை 195 கிலோ. நின்ஜா 1000 எஸ்எக்ஸின் 1,043 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் 142 பிஎஸ் (ஏறத்தாழ குதிரைத்திறனுக்கு நிகரான அளவு) ஆற்றல் தருகிறது. எடை 238 கிலோ. அதாவது எடை கால் பங்குக்கும் குறைவாகவே கூடியிருக்க, ஆற்றல் ஏழு மடங்காகியிருக்கிறது. பழைய வண்டியில் லாரியை முந்துவதற்கு ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகிப் பழகிய கை, புதிய வண்டியிலும் அதையே செய்யப் பார்க்கும். ஆகையால் முதல் சில வாரங்கள், வெயில் காலமாக இருந்தாலும், ஆற்றலைக் குறைத்துத் தரும் ரெயின் மோடிலேயே ஓட்டிப் பழகுவது நல்லது. பிரேக்கும் அப்படித்தான். பின் பிரேக்கையும் கியரையும் நம்பி வேகத்தைக் குறைத்த பழக்கத்தை விட்டுவிட்டு, முன் பிரேக்கை மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தும் முறைக்கு வர வேண்டும். ஆளில்லாத மைதானம் ஒன்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் துடிப்பு லீவரில் தெரியும்வரை பிரேக் பிடித்துப் பாருங்கள். அதே மைதானத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடி, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி யூ டர்ன் எடுத்தும் பழகுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு உதவப்போவது எஞ்சினின் ஆற்றல் அல்ல, இந்த மெதுவான யூ டர்ன்தான். மலைச்சாலைக்குப் புதியவர்கள் 20 வளைவுகளே உள்ள ஏற்காட்டில் தொடங்கலாம்.

தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை ஷோரூமில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கிளாசிக்கில் 170 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி நின்ஜாவில் 135 மில்லிமீட்டர்தான். நம் ஊர்களில் வெள்ளைக் கோடுகூட இல்லாமல் திடீரென எழும்பி நிற்கும் வேகத்தடைகளில், அதுவும் பின்னால் ஆளும் இருபக்கமும் பெட்டியும் இருக்கும்போது, இந்த 35 மில்லிமீட்டர் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதற்கு மருந்து சஸ்பென்ஷனைச் சரியாக அமைப்பதுதான்; அதற்குக் காசு செலவில்லை, ஒரு அளவு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும்.

பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, வால்பகுதியில் ஒரு புள்ளியை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்பகுதியை நண்பர்கள் தூக்கிப் பிடிக்க, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் அச்சிலிருந்து அந்தப் புள்ளிவரை அளந்து எழுதுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் உட்பட முழு உடுப்போடு ஏறி, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து அமருங்கள்; ஒருவர் முன்பக்கம் வண்டியைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் மீண்டும் அளக்கட்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எனக்கு முதலில் 52 வந்தது. பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீலோடு குமிழைக் கையாலேயே திருகித் திருகி 38க்குக் கொண்டுவந்த பிறகு, அன்றாடம் உரசிய எங்கள் தெருமுனை வேகத்தடையை வண்டி தொடாமல் கடந்தது. வளைவுகளில் அகலமாக விலகிப் போகும் குணமும் அதோடு நின்றது. நீண்ட பயணத்துக்கு ஆளையும் சுமையையும் ஏற்றும்போது குமிழை இன்னும் சில சுற்று கூட்டி, திரும்பி வந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கிளட்ச், பிரேக் லீவர்களின் தூரம், பிரேக் பெடலின் உயரம் ஆகியவற்றையும் இதே நாளில் உங்கள் கைகால்களுக்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் நோட்டில் வலி பற்றிய குறிப்பு தொடர்ந்தால் மட்டுமே பாகம் வாங்கும் பேச்சு. மணிக்கட்டும் தோளும் வலித்தால், ஹேண்டில்பாரை 20 மில்லிமீட்டர் அளவு உயர்த்தும் ரைசர் பெரும்பாலும் போதும். பொருத்திய பின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஒயர்களும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள். காற்றுத் தடுப்புக் கண்ணாடியை நான்கு நிலைகளில் வைக்கலாம் என்பதால், நான்கையும் ஓட்டிப் பார்க்காமல் உயரமானதை வாங்காதீர்கள். சீரான வேகத்தில் போகும்போது இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள்: இரைச்சல் குறைந்தால், கண்ணாடியின் விளிம்பில் கலைந்து வரும் காற்று ஹெல்மெட்டில் மோதுகிறது என்று பொருள். மே மாதத்தில் திருச்சி தாண்டித் தெற்கே போகிறவருக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று படுவது தேவை. மிக உயரமான கண்ணாடி அதையும் மறித்துவிடும் என்பது என் அனுபவம்.

பாதுகாப்புப் பாகங்களில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. சரிவான இடத்தில் ஸ்டாண்டு போடும்போது ஒருமுறை வண்டி அப்படியே சாய்ந்துவிட்டது. ஃப்ரேம் ஸ்லைடரின் பிளாஸ்டிக் முனை மட்டும் தேய்ந்தது. வண்டியின் வெளிமூடியான ஃபேரிங்கில் கீறல்கூட விழவில்லை. லாரிகள் சிதறடிக்கும் ஜல்லியிலிருந்து காக்க ரேடியேட்டர் கார்டு அவசியம். ஆனால் சென்னை நெரிசலில் இந்த எஞ்சினுக்குக் காற்றோட்டம் முக்கியம் என்பதால், மிக நெருக்கமான வலை உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். இந்த வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மழையில் நனைந்த பின்னும் செயினைத் துடைத்து எண்ணெயிட, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு ஒன்று வேண்டும். டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் சிறிய காற்றடிக்கும் பம்பும் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். காற்றழுத்தம் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும்.

போன் தாங்கி வாங்கினால் அதிர்வைத் தடுக்கும் அமைப்பு உள்ளதையே வாங்குங்கள், ஏனெனில் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. கூடுதல் விளக்கு பொருத்துகிறவர்கள் தனி ரிலேவும் (விளக்குக்குத் தனியாக மின்சாரம் விடும் சுவிட்ச்) ஃபியூஸும் வைத்தே ஒயரிங் செய்யச் சொல்லுங்கள். எனக்கு முதலில் விளக்கு பொருத்தியவர் ரிலே இல்லாமல் ஹெட்லைட் ஒயரிலேயே இணைத்துவிட, இரவு நேர நெடுஞ்சாலையில் இரண்டு விளக்கும் ஒருசேர அணைந்த அந்தச் சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. ஒளிக்கற்றை எதிரே வருபவரின் கண்ணில் படாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

முதல் டயர் தேய்ந்ததும் மிச்லின் ரோடு 6 போன்ற ஸ்போர்ட் டூரிங் டயருக்கு மாறலாம். ஈரச் சாலையில் அதன் பிடிமானம் மனதுக்குத் தைரியம் தருகிறது. அளவை மட்டும் மாற்றாதீர்கள்: முன்னால் 120/70, பின்னால் 190/50, இரண்டும் 17 அங்குலம்.

சைலன்சரையும் எஞ்சின் மென்பொருளையும் தொடவே வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமும், ஆறு மாதம்வரை சிறையும் விதிக்க 2019 திருத்தத்தில் இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள், 142 பிஎஸ் போதாது என்று உணரவைக்கும் சாலை நம்மிடம் எங்கே இருக்கிறது? பார்வைக்கு நன்றாக இல்லை என்று சேலை கார்டைக் கழற்றுவதும் தவறு. பின்சக்கரத்துக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் அமர்ந்திருப்பவரின் துப்பட்டாவும் மழைக்கோட்டும் சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான்.

கடைசியாகப் பெட்டிகள். பக்கத்துக்கு 28 லிட்டர் வீதம் கிடைக்கும் நிறுவனப் பெட்டிகள் விலை அதிகம்தான். ஆனாலும் தனியாக இரும்புச் சட்டம் எதுவும் இல்லாமல் வண்டியோடு பொருந்துவதால் அவற்றையே பரிந்துரைக்கிறேன். கனமானவற்றை அடியிலும், இரு பக்கமும் சம எடையாகவும் அடுக்குங்கள். புதிதாகப் பொருத்திய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டைப் பக்கத்து உலோகம்வரை நீட்டிவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் கோடு எங்காவது விலகியிருந்தால், அந்த போல்ட்டை, குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி முடுக்கிவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.