வீடில்லாத இளைஞர்களுக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய தன்னார்வலர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். அப்புறம் சில வாரங்களிலேயே, தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முகம் தெரியப் படம் எடுத்துப் போடக் கூடாது, கிழிந்த துணியைக் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது, உபதேசம் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் அக்கறையுள்ளவர்களும் செய்கிற தவறுகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. இளைஞர்கள் என்று நான் இங்கே சொல்வது 13 வயதிலிருந்து 25 வயது வரை, பெரியவர்களின் துணை இல்லாமல் தனியாக நிற்கிறவர்களை.

## தெருவில் படுத்திருப்பவர்களை மட்டும் தேடுவது

இரவில் ஒரு சுற்று போய்விட்டு வந்து, "இளவயதுக்காரர்கள் யாருமே இல்லையே" என்பார்கள். இருக்கிறார்கள், கண்ணில் படாமல் இருக்கிறார்கள். நண்பன் வீட்டில் இரண்டு நாள், தெரிந்தவர் அறையில் ஒரு வாரம், நடுவில் ஓர் இரவு ஓடும் பேருந்தில். திறந்தவெளியில் தனியாகப் படுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெண்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஐரோப்பாவில் இந்தத் துறையில் இயங்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியான்ட்சா, வீடற்ற நிலையை நான்காகப் பிரிக்கிறது. தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்கள், விடுதிகளிலும் காப்பகங்களிலும் தற்காலிகமாக இருப்பவர்கள், எந்த நேரமும் வெளியேற வேண்டிவரும் என்ற நிலையிலோ வன்முறைக்கு நடுவிலோ இருப்பவர்கள், மனிதர் குடியிருக்கத் தகாத இடத்தில் இருப்பவர்கள். நான் பார்க்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் மூன்றாவது வகை. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேப்பின் ஹால் என்ற ஆய்வு மையம் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இந்த மறைவான வகையையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு விதத்தில் வீடற்ற நிலையைச் சந்தித்தவர்கள், 18 முதல் 25 வயதுக்காரர்களில் பத்தில் ஒருவர், 13 முதல் 17 வயதுக்காரர்களில் முப்பதில் ஒருவர் என்று அது கண்டது.

மாலை வகுப்புக்கு ஒரு பையன் தவறாமல் வருவான். சுத்தமான சட்டை, சீவிய தலை. ஒருநாள் அவன் பையைத் திறந்தபோது உள்ளே பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், ஒரு மாற்றுடை, பிளாஸ்டிக் உறையில் அவனுடைய சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. வீடு இருக்கிறதா என்று அதற்கு முன்பு பல பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்றே சொல்லியிருக்கிறான். அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. நேற்று ராத்திரி எங்கே தூங்கினாய், அடுத்த வாரமும் அங்கேயே இருக்கலாமா, அங்கே பயமில்லாமல் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். நிலைமை தெரிந்துவிடும்.

## ஒரே காரணத்தைப் பிடித்துக்கொள்வது

"போதைதான் காரணம்", "வளர்ப்பு சரியில்லை." வந்த முதல் நாளே சிலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மக்கள்தொகை விகிதத்தில் போதையால் அதிகம் பேர் உயிரிழக்கும் அமெரிக்க மாநிலங்களில் மேற்கு வர்ஜீனியா முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அதே விகிதத்தில் பார்த்தால் அங்கே வீடில்லாதவர்கள் குறைவு. வாடகை உச்சத்தில் இருக்கும் கலிஃபோர்னியாவில் பல மடங்கு அதிகம். ஓர் ஊரில் எத்தனை பேர் வீடிழப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் வாடகையும் வீடுகளின் தட்டுப்பாடும் தீர்மானிக்கின்றன. அதில் யார் முதலில் விழுவார் என்பதில்தான் தனிப்பட்ட காரணங்கள் வருகின்றன. சம்பாத்தியம் குறைவாக, சேமிப்பு இல்லாமல், பெயரில் எதுவும் இல்லாமல் இருப்பவர் முதலில் விழுவார். இளைஞர்கள் எல்லோருமே ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

வீட்டை விட்டு வருவதற்கான காரணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அடி, பாலியல் தொல்லை, வீட்டில் பெரியவர்களின் குடி, வேலை போனதால் குடும்பமே சிதறியது, தான் யாரை நேசிக்கிறேன் என்று சொன்னதற்காகத் துரத்தப்பட்டது, குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்து, அங்கே இருக்கும் வயது வரம்பு முடிந்ததும் வெளியே வந்தது. கனடாவில் வீடில்லாத இளைஞர்கள் 1,100-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்து 2016-ல் வெளியான கணக்கெடுப்பில், 40 விழுக்காட்டினர் 16 வயதுக்கு முன்பே முதல்முறை வீடற்றுப் போனவர்கள். குழந்தைப் பாதுகாப்பு அமைப்பின் பார்வைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்தவர்கள் 58 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி யாருக்கோ முன்னமே தெரிந்திருந்தது என்றுதான் இதற்குப் பொருள்.

## என்ன நடந்தது என்று கேட்காமல் வீட்டுக்குப் போன் போடுவது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு பெண் வந்திருந்தாள், 19 வயது. அதிகம் பேசவில்லை. பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் பழக்கத்தில் அம்மாவின் எண்ணை எழுதிவிட்டாள். எந்தப் படிவத்திலும் அதைத்தானே எழுதி வந்திருப்பாள்! அன்றிரவு பொறுப்பில் இருந்த புதியவர் படிவத்தைப் பார்த்து, பெற்ற மனம் என்ன பாடுபடுமோ என்று அந்த எண்ணுக்குப் பேசிவிட்டார். முகவரியையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அம்மா வந்தார், கூடவே அம்மாவின் கணவரும் வந்தார். அவருக்குப் பயந்துதான் அந்தப் பெண் வீட்டை விட்டே வந்திருந்தாள். வாசலில் அவருடைய குரலைக் கேட்டதுமே பின்பக்கமாகப் போய்விட்டாள். பை, செருப்பு எல்லாம் அங்கேயே கிடந்தன.

அவள் திரும்பி வரவில்லை. பல மாதம் கழித்து வேறொரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. அறிமுகம் குறைந்த ஓர் ஆளின் அறையில் இருக்கிறாள். அங்கே தங்குவதற்கு அவள் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த ஓர் அழைப்பின் பாதிப்பு அவளோடு நிற்கவும் இல்லை. "அங்கே போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள்" என்ற பேச்சு மற்ற பிள்ளைகளிடம் பரவியது. அதற்கப்புறம் வந்தவர்கள் பொய்ப் பெயர் சொன்னார்கள், சிலர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினார்கள்.

போன் செய்தவரிடம் கேட்டதற்கு, "அம்மா அழுதாங்க" என்றார். அழுதிருப்பார். அந்த அழுகை உண்மையாகவும் இருந்திருக்கும். பாசம் இருக்கிற வீட்டிலேயே ஆபத்தும் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் இந்த வேலையில் பெரிய சேதத்தை உண்டாக்கிவிடுவார்கள். பிள்ளை என்றால் பெற்றோரிடம்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதனால் திருப்பி அனுப்புவதையே வெற்றி என்று நினைத்து, "வீட்டோடு சேர்த்து வைத்தோம்" என்று அறிக்கையில் எழுதுகிறோம். அப்படிச் சேர்த்து வைக்கப்பட்டவர்கள் மறுபடி வெளியேறும்போது நம்மிடம் வருவதில்லை. எண்ணிக்கை அழகாக இருக்கும், பிள்ளை எங்கே என்று தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? முதல் பேச்சில் இன்றிரவு பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் பாருங்கள். தூங்க இடம், குளிக்க வசதி, போன் சார்ஜ். மறுநாள், "உன்னைக் காணோம் என்று யாராவது தேடுவார்களா? யாருக்குத் தகவல் சொன்னால் உனக்கு நிம்மதி? யாருக்குத் தெரியவே கூடாது?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அவள் சம்மதித்தால், இடத்தைச் சொல்லாமல், "பத்திரமாக இருக்கிறாள்" என்று மட்டும் தகவல் அனுப்ப முடியும். படிவத்தையும் மாற்றுங்கள். அவசரத் தொடர்பு எண் கேட்கும் இடத்தில், அந்த எண்ணுக்கு எப்போது பேசலாம், என்ன சொல்லலாம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கட்டும்.

18 வயது நிரம்பாதவர் என்றால் சட்டம் குறுக்கே வரும். குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல நாடுகளில் உண்டு. அதை மீறச் சொல்லவில்லை. அதிகாரியிடம் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் சொல்லுங்கள். யாரிடம் சொல்லப் போகிறேன், என்ன சொல்லப் போகிறேன், அடுத்து என்ன நடக்கும் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் சொல்வது இன்னும் மோசம்.

குடும்பமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். டொராண்டோவில் ஈவாஸ் என்ற அமைப்பு வீடில்லாத இளைஞர்களைக் குடும்பத்தோடு மறுபடி இணைப்பதற்கென்றே ஒரு திட்டத்தை 2001 முதல் நடத்துகிறது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது இளைஞர்தான். குடும்பம் என்றால் யார் என்பதையும் அவர்தான் சொல்வார். அது அப்பா அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டி, ஒரு சித்தி, கல்யாணமாகிப் போன ஓர் அக்கா. ஒரே கூரையின் கீழ் திரும்ப வாழாமலேயே, வாரம் ஒருமுறை பேசிக்கொள்ளும் அளவுக்கு உறவு சரியானாலும் அது பெரிய விஷயம். அந்த ஒரு நூல் அறுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்றால், நாம் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது.

## "முதலில் திருந்து, அப்புறம் அறை"

போதையை விடு, வேலைக்குப் போ, மாத்திரை ஒழுங்காகப் போடு, அப்புறம் அறை தருகிறோம் என்பது கேட்க நியாயமாகவே இருக்கும். நடைமுறையில் தலைகீழாகத்தான் வேலை செய்கிறது. தூங்க இடமில்லாதவன் எப்படி வேலைக்கு நேரத்தில் போவான்? நியூயார்க்கில் 1992-ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் முதலில் வீட்டைக் கொடுத்து, பிறகு சிகிச்சை, வேலை போன்ற உதவிகளைச் செய்யும் முறையைத் தொடங்கினார். பின்லாந்து 2008 முதல் அதைத் தேசியக் கொள்கையாக்கி, விடுதிகளையே நிரந்தரக் குடியிருப்புகளாக மாற்றியது. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. முதலில் வீடு பெற்றவர்கள், வழக்கமான உதவியை மட்டும் பெற்றவர்களைவிட அதிக நாட்கள் வீட்டில் நிலைத்திருந்தார்கள்.

ஆனால் பெரியவர்களுக்கான இந்த முறையை அப்படியே இளைஞர்களுக்குப் பொருத்தினால் தவறிவிடும். 17 வயதுப் பையனுக்குத் தனியாக வாழ்ந்த அனுபவமே கிடையாது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் முதல் வாரம் தனிமை அவனைத் தின்றுவிடும். பகலெல்லாம் கூட்டத்தோடு இருந்தவன், கதவை மூடியதும் பேச ஆளில்லாமல் பழைய நண்பர்களை எல்லாம் அறைக்கு அழைத்துவிடுவான். வீட்டுக்காரர் கோபப்படுவார், அறை போகும். ஒருவன் அறை கிடைத்த பிறகும் சில வாரம் விளக்கை அணைக்காமல் தரையில்தான் படுத்தான். அது இயல்பு. முதல் மாதம் அடிக்கடி போய்ப் பாருங்கள். சமைப்பது, கட்டணம் கட்டுவது, வீட்டுக்காரரிடம் பேசுவது எல்லாவற்றையும் கூட நின்று செய்யுங்கள். தங்கும் இடமும் அவன் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். சிலருக்குத் தனி அறை, சிலருக்கு இன்னொருவரோடு சேர்ந்து இருப்பது. ஒருமுறை சொதப்பினால் இரண்டாவது அறை உண்டு என்று முன்பே முடிவு செய்து வையுங்கள்.

## பணத்தைக் கையில் கொடுக்கப் பயப்படுவது

வான்கூவர் பகுதியில் 2018-ல் தொடங்கிய ஒரு சோதனையில், வீடில்லாத 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலர் ஒரே தவணையில், நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. பணம் பெறாதவர்களைவிட அவர்கள் வீடில்லாமல் கழித்த நாட்கள் குறைந்தன. மதுவுக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. கடுமையான போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஒரு மாத வாடகைக்குப் பணம் போதாததால் தெருவுக்கு வந்தவனுக்கு ஆலோசனை வகுப்பு நடத்துவதைவிட அந்த வாடகையைக் கொடுப்பது மேல்.

## அடையாள ஆவணங்களைக் கடைசிக்குத் தள்ளுவது

முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். அவை இல்லாமல் வேலை, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எதுவும் நகராது.

## "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்பது

நள்ளிரவில் எடுக்கப் போவதில்லை என்றால் சொல்லாதீர்கள்.

## காப்பகத்தை விட்டு வெளியே வந்தபின் தேடிப் போவது

வீடற்ற நிலை என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே தேதி தெரிவது காப்பகத்தில் வளரும் பிள்ளைகளுக்குத்தான். வயது நிரம்பும் நாள் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அன்று கையில் ஒரு பையோடு அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து இரவுச் சுற்றில் அவனையே சந்திக்கிறோம். வேல்ஸில் 2014-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், 56 நாட்களுக்குள் வீடிழக்கக்கூடியவருக்கு முன்கூட்டியே உதவ வேண்டிய கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. அறை தேடவே அந்த 56 நாள் சரியாகிவிடும். காப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஓராண்டு முன்பே உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதத் தொடங்குங்கள். முதல் இரவு எங்கே தூங்குவான், முதல் மாத வாடகை யார் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவான், விடுமுறை நாட்களில் எங்கே போவான், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயரும் போன் எண்ணும் வேண்டும். பெயர் இல்லாத வரிகள் எவையோ, அவற்றுக்கு ஆள் தேடுவதுதான் அந்த ஓராண்டு வேலை.