அவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்துடுச்சு, நாம எங்க இருக்கறது?

வீட்டுக்காரர் ஆர்மில இருந்தா, போஸ்டிங் ஆர்டர் வந்த அன்னிக்கே இந்தக் கேள்வி ஆரம்பிச்சுடும். ரெண்டு மூணு வருஷம் பீஸ் ஸ்டேஷன்ல குடும்பமா இருந்திருப்போம், இப்ப காஷ்மீரோ அருணாச்சலோ, ஃபேமிலிய கூட்டிட்டு போக முடியாது. மாமியார் "இங்க வந்துடும்மா"ம்பாங்க, நம்ம அம்மா பேரப்புள்ளைய பாக்கணும்னு அழுவாங்க, அவர் "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு ட்ரங்க் பெட்டிய கட்ட உக்காந்துடுவார். நான் ரெண்டு ஃபீல்டு பாத்தவ, முதல் தடவை குடியாத்தம் பக்கம் மாமியார் வீடு, ரெண்டாவது தடவை பஞ்சாப்ல எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ், அதாவது குடும்பம் மட்டும் தங்கற ஆர்மி வீடு. புதுசா கல்யாணம் ஆன தங்கச்சிங்க நிறைய பேர் கேக்கறதால எழுதறேன்.

யார் மனசு கோணும்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, ராத்திரி ஒரு மணிக்கு குழந்தைக்கு முடியலன்னா யார் வீட்டு கதவ தட்டுவீங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க. எனக்கு அது நடந்துச்சு. சின்னவனுக்கு ஒன்றரை வயசு, ஜுரத்துல ஃபிட்ஸ் வந்து கண்ணு மேல சொருகிடுச்சு. மாமனார் பதறிட்டு வாசல்ல நிக்கறார், எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, எதிர் வீட்டு அண்ணன் ஆட்டோவ எடுத்தார், ஆட்டோ ஆடுன ஆட்டத்துல குழந்தை வாய ஈரத்துணியால துடைச்சுகிட்டே வேலூர் வரைக்கும் போனேன். அவருக்கு விஷயம் தெரிஞ்சது மூணு நாள் கழிச்சு, அவர் இருந்த காவல் போஸ்ட்ல சிக்னல் இல்ல. அந்த அண்ணன் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனச்சா வயிறு கலங்குது. அதனால எந்த ஊர் முடிவு பண்ணாலும் முதல்ல ரெண்டு பேரோட நம்பரும் ஒரு வண்டியும் உறுதி பண்ணிக்கோங்க.

ஆஸ்பத்திரி விஷயத்துல பலபேருக்கு ஒரு குழப்பம் இருக்கு. வேலூர், மதுரைன்னு ஊர் ஊருக்கு இருக்கற ஈ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக் ரிட்டயர்டு ஆனவங்களுக்கு. சர்வீஸ்ல இருக்கறவர் குடும்பத்துக்கு எம்.ஹெச்.ங்கற மிலிட்டரி ஆஸ்பத்திரிதான், தமிழ்நாட்டுல ஆர்மி எம்.ஹெச்.னா சென்னையும் வெலிங்டனும். பிரசவம் இருக்கு, இல்ல தொடர்ந்து மருந்து சாப்பிடற ஆள் வீட்ல இருக்காங்கன்னா இந்த தூரத்த கணக்குல வெச்சே ஆகணும். அவசரத்துல தனியார் ஆஸ்பத்திரிக்கு போகலாம், ஆனா உடனே யூனிட்டுக்கும் பக்கத்து எம்.ஹெச்.க்கும் தகவல் சொல்லி பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் பத்திரமா வைக்கணும், இல்லன்னா பணம் திரும்பி வர்றது கஷ்டம்.

அடுத்தது லீவு, இத யாருமே யோசிக்கறதில்ல. ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு, அதையும் துண்டு துண்டாதான் குடுப்பாங்க. ஜம்முல ரயில் ஏறுனா சென்னை வரவே ரெண்டு நாளுக்கு மேல, அதுக்கு முன்னாடி மலையில இருந்து கான்வாய் பிடிச்சு இறங்கணும், பனி விழுந்தா ரோடே மூடிடும். பத்து நாள் லீவுல பாதி வண்டியிலயே போயிடும். நான் பஞ்சாப்ல இருந்தப்போ ஜம்முல ராத்திரி ஏறி காலைல வீட்டுக்கு வந்துடுவார். அதே பத்து நாள்தான், பெரியவ அப்பா மடியில உக்காந்து ஹோம்வொர்க் பண்ண ஒரு வாரம் முழுசா கிடைச்சுது. எனக்கு எஸ்.எஃப். பிடிச்சுப் போனதுக்கு முக்கிய காரணமே இதான்.

எஸ்.எஃப்.னா தெரியாதவங்களுக்கு, வீட்டுக்காரர் ஃபீல்டுல இருக்கறப்போ குடும்பம் மட்டும் தங்கறதுக்கு கன்டோன்மென்ட்ல குடுக்கற வீடு. யூனிட் மூலமா ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸுக்கு அப்ளிகேஷன் போகணும், வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், அதனால ஆர்டர் வந்த வாரமே போட சொல்லுங்க. இப்ப இருக்கற குவார்ட்டர்ஸையே கொஞ்ச நாள் வெச்சுக்க முடியுமான்னும் ஹெட் கிளார்க் கிட்ட கேக்க சொல்லுங்க. அங்க கேன்டீன், எம்.ஹெச்., ஸ்கூல் பஸ் எல்லாம் பக்கத்துலயே இருக்கும், அக்கம்பக்கம் எல்லாருமே நம்மள மாதிரி தனியா இருக்கறவங்கதான். எனக்கு ஹிந்தி அரைகுறை, பக்கத்து வீட்டு பீகார் அக்கா சட்னி அரைக்க வந்து ஹிந்தி கத்துக் குடுத்தாங்க. கஷ்டமும் உண்டு, மாமியாருக்கு முடியலன்னு போன் வந்தா அங்கிருந்து தட்கல் போட்டு ஓடணும்.

ஊர்ல வாடகை வீடு எடுக்கறதா இருந்தா ஹெச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகை அலவன்ஸ் கணக்கு பாருங்க. 2024 ஜனவரியில இருந்து பேசிக்ல சென்னைக்கு 30%, கோவை மதுரை திருச்சி சேலம் திருப்பூர் ஈரோட்டுக்கு 20%, மத்த ஊருக்கு 10%. எந்த ஊர் ரேட் உங்களுக்கு வரும்னு அவர் கிளார்க் கிட்ட எழுத்துல கேட்டு வாங்கணும், சர்க்கார் வீடு எடுத்தா இது கிடையாது. பிள்ளைங்க படிப்பு அலவன்ஸ் எங்க இருந்தாலும் வரும், ரெண்டு பிள்ளைக்கு, ஒரு பிள்ளைக்கு மாசம் 2,812 ரூபா 50 காசு, வருஷக் கடைசியில ஸ்கூல்ல சர்டிஃபிகேட் வாங்கி அனுப்பணும்.

ஸ்கூலுக்காகவே முடிவ மாத்த வேண்டி வரும். அம்பாலாவுலயும் ஜலந்தர்லயும் படிச்ச பிள்ளைய திடீர்னு ஊர் ஸ்கூல்ல அஞ்சாவது சேத்தா தமிழ் எழுத்துக்கூட்டி படிக்கவே திணறும். பெரியவள ஒரு ஸ்கூல்ல அந்தக் காரணத்துக்காகவே சேக்க மாட்டேன்னுட்டாங்க, பிள்ளை முன்னாடியே சொன்னாங்க, அவ அன்னிக்கு முழுக்க பேசல. கேந்திரிய வித்யாலயான்னா டிசி மாத்தறது சுலபம், பாடமும் அதே. ஆனா பத்தாவது பன்னெண்டாவதுல இருக்கற பிள்ளைய எந்தக் காரணத்துக்கும் நடுவுல நகத்தாதீங்க.

மாமியார் வீடுன்னா ஒரே ஒரு விஷயத்த அவர் கிளம்பறதுக்கு முன்னாடி பேசி முடிச்சுடுங்க, பணம் யார் கைக்கு வரும்னு. சம்பளம் மாமனார் அக்கவுண்டுக்கு போயி நாப்கினுக்கு கூட கை நீட்டி நின்ன பொண்ணுங்கள எனக்கு தெரியும். ஜாயின்ட் அக்கவுண்ட் போட்டு ஏடிஎம் கார்டு உங்க கிட்ட இருக்கட்டும், பெரியவங்களுக்கு மாசம் இவ்வளவுன்னு அவரே சொல்லிட்டு போகட்டும், அப்போ யாருக்கும் வருத்தம் வராது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கற ஊர்னா இதெல்லாம் அவங்களுக்கே பழக்கம், மத்த ஊர்ல நாமதான் வாய் திறக்கணும்.

பேப்பர் வேலைய அவர் இருக்கறப்பவே முடிங்க. கல்யாணம், குழந்தை பிறப்பு ரெண்டுக்கும் பார்ட் டூ ஆர்டர், அதாவது அவர் சர்வீஸ் ரெக்கார்டுல பதிவு ஆயிருக்கான்னு பாருங்க, அது ஆகலன்னா டிபெண்டென்ட் கார்டு கிடையாது, எம்.ஹெச். கிடையாது, வீடும் கிடையாது. அவரோட ஆர்மி நம்பர், யூனிட் ரியர்ல, அதாவது ஃபீல்டுக்கு போகாம பின்னாடி தங்கற பார்ட்டியில இருக்கற சுபேதார் சாப் நம்பர், ரெண்டையும் சாமி படத்துக்கு பின்னாடி எழுதி ஒட்டி வைங்க, போன் தொலைஞ்சாலும் இருக்கும்.

முதல்ல எடுத்த முடிவு சரியில்லன்னு தோணுனா நடுவுல மாத்தலாம், அதுல தப்பே இல்ல. ஊர்ல இருந்துகிட்டே எஸ்.எஃப்.க்கு போட்டு வைங்க, ரெண்டாவது தடவை நானும் அப்படித்தான் போட்டேன், ஏழு மாசம் கழிச்சு நம்பர் வந்துச்சு, மாமியாரே கூட வந்து அடுப்பு மூட்டிக் குடுத்துட்டு பத்து நாள் இருந்துட்டு போனாங்க.